பத்தாவது ஆள்

உனக்குத் தெரிஞ்ச ஏழை யாராவது இருக்காங்களாம்மா?

சிரிக்காதே. நெசமாத்தான் கேக்கிறேன். ஒரே ஒரு ஆள் போதும். ஆணோ பொண்ணோ, கிழமோ குமரோ, யாரா இருந்தாலும் சரி. முஸ்லிமா இருக்கணும், ஏழையா இருக்கணும், இன்னிக்குப் பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொல்றதுக்குள்ள கையில கிடைக்கணும். அவ்வளவுதான்.

கொஞ்சம் நகந்து உக்காரு. இந்தப் பைமேல சாஞ்சிடாதே, அரிசி இருக்கு. பிஸ்கட்டா? வேணாம்மா, நீ தின்னு. எனக்குப் பசியில்லை. காலேஜ்ல படிக்கிறியா? பேரு என்ன? யாழினியா. நல்லாருக்கு. அதிகம் பேசாத புள்ளை போல இருக்கே. அதுவும் நல்லதுதான். வாயாலதான் நான் இந்த அலைச்சல் அலையறேன்.

இந்த பஸ்ல எங்க ஊரைத் தாண்டித்தான் நீ போகணும். ரயில்வே கேட்டு மூடாம இருந்தா முக்கால் மணி நேரம். மூடியிருந்தா அல்லாஹ்தான் காப்பாத்தணும். மணி என்ன இப்ப? அஞ்சேகாலா? சரி.

என் பேரு ஜுவைரியா. ஊர்ல ஜுவைரியா லாத்தான்னுதான் கூப்பிடுவாங்க. லாத்தான்னா அக்கா. எனக்கு ஒரே தங்கச்சி, முனவ்வரா. அவ மக ஹம்னாவுக்கு இன்னிக்கு நிக்காஹ், மஃரிப் தொழுதவுடனே. அந்தப் புள்ளை பொறந்தப்போ முதல்ல கையில வாங்கினது நான். அவ உம்மாகூட அப்புறம்தான் பார்த்தா. அந்தப் புள்ளையோட கல்யாண வீட்டுக்குள்ள நான் காலெடுத்து வைக்கணும்னா, பத்து ஏழைங்களுக்கு அரிசி குடுத்திருக்கணும். ஒன்பது பேருக்குக் குடுத்தாச்சு. பத்தாவது ஆளைக் காணோம்.

எதுக்குன்னு கேளேன். நீ கேக்க மாட்டே. நானே சொல்றேன்.

மூணு வருஷத்துக்கு முன்னால, நோன்பு மாசத்துல நடந்தது. எங்கள்ல வசதியானவங்க வருஷத்துக்கு ஒரு தடவை ஜகாத்துன்னு குடுக்கணும். ஏழைங்களுக்குச் சேர வேண்டிய பங்கு அது, கடமை. எங்க ஊர்ல நிறைய பேர் அதைப் புடவையாக் குடுத்திடுவாங்க. முனவ்வரா வீட்டுக்காரருக்குக் கொழும்புல ரத்தினக் கல் வியாபாரம். கூடத்துல புடவைக் கட்டு கட்டா அடுக்கியிருந்தா. நான் சும்மா எட்டிப் பார்க்கப் போனவ. கட்டுலேருந்து ஒண்ணை உருவி, "லாத்தா, இது உனக்கு"ன்னு கையில வெச்சா. காப்பிக்கொட்டைக் கலரு, மாங்கா பார்டர். நல்ல புடவைதான். வாங்கிக்கிட்டேன்.

பெருநாள் அன்னிக்கு அதைக் கட்டிக்கிட்டுத் தெருவுக்கு வர்றேன். எதிர்ல இடியாப்பம் விக்கிற ஜைத்தூன் வர்றா. மாங்கா பார்டர். மோதினார் பொண்டாட்டி வர்றா. மோதினார்னா பள்ளிவாசல்ல பாங்கு சொல்றவர். அவ பொண்டாட்டியும் மாங்கா பார்டர். தெரு முனை வரைக்கும் போய்ட்டு வர்றதுக்குள்ள எண்ணினேம்மா. பதினாலு மாங்கா பார்டர். நான் பதினஞ்சாவது. ஏதோ பள்ளிக்கூடத்துல சீருடை குடுத்த மாதிரி நாங்க பதினஞ்சு பேரும் தெருவுல நிக்கிறோம். ஒருத்தி சிரிச்சுக்கிட்டே, "வாங்க லாத்தா, நம்ம செட்டு"ன்னா.

நம்ம செட்டு!

நேரா முனவ்வரா வீட்டுக்குப் போனேன். "எனக்கு ஜகாத்துப் புடவையாடி? ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருந்தா மூஞ்சியில விட்டெறிஞ்சிருப்பேனே. சொல்லாமக் கொள்ளாமத் தள்ளி விட்டுட்டியே"ன்னு கத்தினேன். அவ சொல்றா, "எல்லாருக்கும் வாங்கினேன் லாத்தா, உனக்கும் வாங்கினேன், எனக்கும் ஒண்ணு எடுத்துக்கிட்டேன்"னு. அன்னிக்கு அவளும் அதே மாங்கா பார்டர்தான் கட்டியிருந்தா. அது கிடக்கட்டும், அது வேற விஷயம். நான் சொன்னேன், "வல்லாஹி, இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்." வல்லாஹின்னா அல்லாஹ் மேல ஆணை. அவளும் எங்க உம்மா பெத்தவதானே, சும்மா இருப்பாளா? "வல்லாஹி, இனிமே உனக்கு ஒரு மணி அரிசிகூடக் குடுக்க மாட்டேன்"னா.

முடிஞ்சுது. ஆளுக்கு ஒரு சத்தியம்.

பேச மாட்டோம்னு சத்தியம் பண்ணலை பாரு. அதனால பேச்சு இருந்துச்சு. ரெண்டு வீட்டுக்கும் கொல்லைச் சுவர் ஒண்ணுதான். தினம் பேசுவோம். அவ குடுக்கக் கூடாது, நான் போகக் கூடாது, அவ்வளவுதான். அவ வீட்டு முருங்கை மரம் என் பக்கம் சாஞ்சிருக்கு. அதுலேருந்து தானா விழுந்தா நான் எடுத்துக்கலாம், அது குடுத்ததாகாதுன்னு நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கிட்டோம். அந்த மரம் இந்த மூணு வருஷமா ரொம்பத்தான் உதிர்க்குது. முருங்கைக்காய் விழும், சில நாள் நூல் போட்டுக் கட்டியே விழும். ஒரு தடவை ரெண்டு துண்டு வஞ்சிரம் விழுந்துச்சு, மசாலா தடவி. பூனை இழுத்துட்டு வந்து போட்டிருக்கும். பூனைக்கு என்ன சத்தியமா?

இப்படியே காலம் ஓடிச்சு. போன வாரம் ஹம்னா வந்து என் மடியில தலை வெச்சுப் படுத்துக்கிட்டா. "பெரியம்மா, நீங்க வந்து பக்கத்துல உக்காந்தாத்தான் நான் சம்மதம் சொல்வேன். வல்..."ன்னு ஆரம்பிச்சா. நான் டபக்குன்னு அவ வாயைப் பொத்திட்டேன். குடும்பத்துக்கு ரெண்டு சத்தியம் போதும்னேன்.

மறுநாளே இத்ரீஸ் ஆலிம்சா வீட்டுக்குப் போனேன். மார்க்கம் படிச்சவர், சின்ன வயசு, பொறுமைசாலி. கதையெல்லாம் கேட்டுட்டு அவர் சொன்னார், "லாத்தா, சொந்தத்தை முறிக்கிற சத்தியத்தைக் காப்பாத்தவே கூடாது. நீங்க போங்க, போய்ட்டு வந்து கஃப்பாரா குடுத்துடுங்க"ன்னு. கஃப்பாரான்னா சத்தியம் முறிச்சதுக்குச் செய்ற பரிகாரம். நான் சொன்னேன், "முதல்ல பரிகாரம், அப்புறம்தான் காலு. சத்தியத்தை முறிச்சவளா நான் அந்த வீட்டுக்குள்ள நுழைய மாட்டேன்." சரி, முன்னாலயே குடுத்தாலும் செல்லும்னார்.

என்ன குடுக்கணும்னு கேட்டேன். மூணுல ஒண்ணாம். ஒரு அடிமையை விடுதலை பண்ணலாம். அடிமைக்கு நான் எங்க போவேன்? எங்க வீட்டுக்காரர் சவுதியில ஒரு கடையில இருபத்தாறு வருஷம் கிடந்தார். அப்பவே இந்தச் சட்டம் தெரிஞ்சிருந்தா அவரையாவது விடுதலை பண்ணியிருப்பேன். இப்ப அவரும் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துட்டார். ரெண்டாவது, பத்து ஏழைங்களுக்கு உடுப்பு. "புடவையா?"ன்னேன். ஆலிம்சா மூஞ்சியைப் பார்த்துட்டு, "சரி, அது வேணாம்"னுட்டார். மூணாவது, பத்து ஏழைங்களுக்கு ஆளுக்கு முக்கால் கிலோ அரிசி. வீட்டுல நாம சாப்பிடுற அரிசி என்னவோ அதுல நடுத்தரமா இருந்தாப் போதுமாம். நான் எந்த அரிசி சாப்பிடறேன்னு ஊருக்கு எதுக்கு? பொன்னி அரிசி வாங்கினேன். வெள்ளைத் துணியில பத்துப் பை தைச்சேன்.

"ஏழைன்னா யாரு ஆலிம்சா? சரியாச் சொல்லிடுங்க, அப்புறம் செல்லாமப் போயிடக் கூடாது"ன்னேன். அவர் சொன்ன விளக்கம் எனக்கு மனப்பாடம். பத்து தேவைப்படுற இடத்துல ரெண்டோ மூணோ இருக்கிறவன் ஃபக்கீர், பரம ஏழை. பத்து தேவைப்படுற இடத்துல ஏழோ எட்டோ இருக்கிறவன் மிஸ்கீன். அவனும் ஏழைதான். ரெண்டு பேருக்கும் குடுக்கலாம். "சொந்த வீடு இருந்தா?"ன்னேன். "குடியிருக்க வீடு இருந்தாலும் மிஸ்கீன்தான் லாத்தா. கையில காதுல கொஞ்சம் நகை இருந்தாலும் மிஸ்கீன்தான்"ன்னார். சொல்லிட்டு என்னையே பார்த்தார். நான் என் தோட்டைப் பார்க்கிறார்னு முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டேன்.

அப்புறம் மெல்ல ஒண்ணு சொன்னார் பாரு. "இது எதுக்கும் வசதியில்லாதவங்க மூணு நாள் நோன்பு வெச்சாப் போதும். உங்களுக்கு... மூணு நோன்பு போதுமே லாத்தா."

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "என்ன தம்பி, ஆலிம்சான்னு மரியாதை குடுத்தா நீங்க என்ன பேசறீங்க? எனக்கு என்ன குறைச்சல்? முன் அறையைத் தையக்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கேன். மகன் சென்னையில செல்போன் கடையில இருக்கான், முடிஞ்ச மாசமெல்லாம் அனுப்பறான். மழைக்கு ஒரே ஒரு அறைதான் ஒழுகுது. மத்த அறை ஒழுகலை. இதுக்குப் பேரு ஏழையா?"ன்னு பிடிச்சுக்கிட்டேன். பாவம், சுருங்கிப் போயிட்டார்.

என்னைச் சமாதானப்படுத்த ஒரு பழைய சம்பவம் சொன்னார். நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவங்க காலத்துல ஒரு மனுஷர் அவங்ககிட்ட வந்தாராம். நோன்பை முறிச்சிட்டேன், பரிகாரம் என்னன்னு கேட்டாராம். அடிமையை விடுதலை பண்ண முடியுமா? முடியாது. ரெண்டு மாசம் தொடர்ந்து நோன்பு வைக்க முடியுமா? முடியாது. அறுபது ஏழைங்களுக்குச் சாப்பாடு? அதுவும் முடியாது. மனுஷர் அப்படியே உக்காந்திருந்தாராம். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு கூடை பேரீச்சம்பழம் கொண்டுவந்தாங்க. இதை எடுத்துட்டுப் போய் ஏழைங்களுக்குக் குடுங்கன்னு நபியவங்க சொன்னாங்க. அதுக்கு அந்த மனுஷர், "என்னைவிட ஏழைக்கா? மதீனாவோட இந்தப் பக்கத்துக் கருங்கல் காட்டுக்கும் அந்தப் பக்கத்துக் கருங்கல் காட்டுக்கும் நடுவுல என் வீட்டைவிட ஏழை வீடு கிடையாதே"ன்னாராம். நபியவங்க பல்லு தெரியச் சிரிச்சுட்டு, அப்ப உங்க வீட்டுக்கே கொண்டுபோய்க் குடுங்கன்னுட்டாங்களாம்.

எனக்கு அந்த மனுஷரைப் பிடிக்கலை. அவ்வளவு பேர் உக்காந்திருக்கிற சபையில, நானே ஏழைன்னு எப்படி வாயத் திறந்து சொன்னார்? நாக்கு எழுமா? ஆலிம்சாகிட்டயே கேட்டேன். "அதனாலதான் லாத்தா நபியவங்க சிரிச்சாங்க"ன்னார். படிச்சவங்க பேச்சு சில நேரம் புரியறதில்லை.

கிளம்பும்போது வாசல்ல வெச்சு ஆலிம்சா ரெண்டு விஷயம் சொன்னார். ஒண்ணு, இது பரிகாரம், நீங்க ஏழைன்னெல்லாம் வாங்கறவங்ககிட்ட சொல்ல வேண்டியதில்லை, மனசுல நினைச்சுக்கிட்டுக் குடுத்தாப் போதும். ரெண்டாவது, "உங்க தங்கச்சியும் நேத்து வந்தாங்க. அவங்க சத்தியத்துக்கு அவங்களுக்கும் பத்து பேர் வேணும்."

கேட்டியா? ஆக மொத்தம் இருபது ஏழை! எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு ஆள் துபாய், வீட்டுக்கு ஒரு ஆள் கொழும்பு. இருபது ஏழைக்கு எங்க போறது? கிடைக்கிற ஏழையை அவளுக்கு முன்னால நான் பிடிச்சாகணும்னு பையைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்.

சொல்லாமக் குடுக்கலாம்னு ஆலிம்சா சொன்னாரே, அதை மட்டும் நான் கேக்கலை. எனக்கு நடந்த குத்தமே அதுதானே? ஒரு வார்த்தை சொல்லாமப் புடவையைத் தள்ளிவிட்டதுதானே? நான் அந்த வேலை செய்ய மாட்டேன். யாருக்குக் குடுத்தாலும் சொல்லித்தான் குடுப்பேன்.

முதல்ல மோதினார் காசிம் வீடு. "மோதினாரே, இது ஏழைங்களுக்கு உள்ள அரிசி. நீங்க ஏழைதானே? பத்துக்கு எட்டுதானே இருக்கு உங்ககிட்ட?"ன்னு மரியாதையாத்தான் கேட்டேன். மனுஷர் தெருவை இப்படியும் அப்படியும் பார்த்துட்டு, "மெல்லப் பேசுங்க லாத்தா! மகன் துபாய்க்குப் போய் மூணு மாசம் ஆகுது. மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டிருக்கோம். எங்கிட்ட பத்துக்குப் பன்னெண்டு இருக்கு!"ன்னார். உள்ளேருந்து அவர் பொண்டாட்டி ஒரு பொட்டலம் கருவாட்டைக் கொண்டுவந்து என் பையில போட்டா. "வெயில்ல வந்திருக்கீங்க, எடுத்துட்டுப் போங்க"ன்னா.

அடுத்தது ஜைத்தூன். இடியாப்பம் பிழிஞ்சுக்கிட்டிருந்தா. "ஏ ஜைத்தூன், நீ ஃபக்கீரா, மிஸ்கீனா?"ன்னேன். இடியாப்ப உரலை அப்படியே பிடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. விளக்கிச் சொன்னேன். ரெண்டா எட்டான்னு சொன்னாப் போதும்னேன். அவளுக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. "நாலு மணிக்கு எந்திரிச்சு உழைச்சுத் திங்கிறேன் லாத்தா. என்னைப் போய் இப்படிக் கேட்டுட்டீங்களே?"ன்னா. அழுதுக்கிட்டே பத்து இடியாப்பத்தை இலையில மடிச்சு என் கையில குடுத்தா. வேணாம்னா விடலை. "நீங்க சாப்பிட்டே எத்தனை நாளாச்சோ"ன்னா. என்ன பேச்சு பாரு!

இப்படி ரெண்டு நாள். போன வீட்டுல எல்லாம் அரிசியை வாங்க மாட்டேங்கிறாங்க. ஆனா வெறுங்கையோட அனுப்பவும் மாட்டேங்கிறாங்க. ஒரு வீட்டுல அரைப் படி உளுந்து, ஒரு வீட்டுல நாலு முட்டை, ஒரு வீட்டுல பழைய போர்வை. எங்க ஊர் ஜனங்களுக்குக் குடுத்துக் குடுத்துப் பழகின கை. யாரு வந்தாலும் எதையாவது கட்டிக் குடுத்துடுவாங்க. நான் பத்துப் பையோட போய், பத்துப் பையும் இன்னொரு மூட்டையுமா வீட்டுக்கு வந்தேன்.

இதுல இன்னொரு கூத்து. நான் போற வீட்டுல எல்லாம் ஆணியில ஒரு பச்சைப் பை தொங்குது. பச்சைத் துணி, சரிகை நாடா. ஹம்னாவோட கல்யாணத் துணியில வெட்டினது, எனக்குத் தெரியாதா? முனவ்வரா எனக்கு முந்தியே கார்ல வந்து, கல்யாண வீட்டு அரிசின்னு சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டுப் போயிருக்கா. ஒரு வார்த்தை ஏழைன்னு சொல்லலை. எல்லாரும் சந்தோஷமா வாங்கியிருக்காங்க. ஜைத்தூன் வீட்டுலயும் தொங்குது, மோதினார் வீட்டுலயும் தொங்குது. பத்துக்குப் பன்னெண்டு இருக்கிற மோதினார்! நான் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் ஒன்பது பச்சைப் பை. அவளுக்கும் பத்தாவது ஆள் கிடைக்கலைன்னு எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அட, பார்த்தியா, கேட்டு மூடிட்டான். மணி என்னம்மா? அஞ்சு நாப்பதா? இன்னிக்கு மஃரிப் ஆறு இருபத்தொண்ணு. யா அல்லாஹ், அந்த ரயிலைச் சீக்கிரம் அனுப்பு.

சரி, மிச்சத்தைக் கேளு. ஊர்ல ஆகாதுன்னு தெரிஞ்சு இன்னிக்கு மத்தியானம் பஸ் ஏறித் தர்கா வாசலுக்கு வந்தேன். அங்க வரிசையா உக்காந்திருப்பாங்க. அவங்ககிட்ட சொல்லிக் குடுத்தா என்ன கோவமா வரப்போகுது? கோவம் வரலை. ஆனா ஒருத்தர், "அரிசியை எங்க வெச்சு ஆக்கறது? பொட்டலமா இருந்தாக் குடுங்க"ன்னார். இன்னொருத்தர் பையைப் பிரிச்சு மோந்து பார்த்து, "பழைய பொன்னியா, புதுசா?"ன்னார். எப்படியோ ஒன்பது பேர் வாங்கிக்கிட்டாங்க.

பத்தாவதா ஒரு அம்மா உக்காந்திருந்துச்சு. நான் சொல்லிக் குடுக்கவும் கையை மடக்கிடுச்சு. "பொய் சொல்லி வாங்கக் கூடாது. எனக்கு ஊர்ல ரெண்டு வீடு வாடகைக்கு ஓடுது. மகன் பொழைச்சதுக்கு நேர்ச்சை வெச்சு நாப்பது நாள் இங்க உக்காந்திருக்கேன். இன்னிக்கு முப்பத்தோராவது நாள்"னுச்சு. அது பக்கத்துலயே உக்காந்துட்டேன், மிச்சம் இருந்த பையை மடியில வெச்சுக்கிட்டு. கார்ல வந்த ஒருத்தர் வரிசையா நெய்ச்சோத்துப் பொட்டலம் குடுத்துக்கிட்டு வந்தார். என் மடியிலயும் ஒண்ணை வெச்சுட்டு, "எனக்காக துவா செய்ங்க உம்மா"ன்னுட்டுப் போயிட்டார். வயசுக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துட்டு, "நீங்க வந்தப்போ இந்த வரிசைக்குப் பத்தாவது ஆள் வந்தாச்சுன்னு நெனச்சேன்"னுச்சு.

பொட்டலம் பையிலதான் இருக்கு. உனக்கு வேணுமாம்மா? நல்ல வாசனை. நான் தொடலை.

இந்தா, ரயில் போயிடுச்சு. கேட்டைத் தூக்கறான். அல்ஹம்துலில்லாஹ்.

இந்தப் பச்சைப் பையா? பார்த்துட்டியா? அதுக்குத்தான் சொன்னேன், மேல சாயாதேன்னு. ஆமா, முனவ்வராவோட பை. இன்னிக்கு விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு வர்றேன், வாசல்ல மோதினார் நிக்கிறார், கையில பச்சைப் பை. என்ன மோதினாரேன்னேன். "ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க லாத்தா"ன்னார். படியில வெச்சுட்டு, ஏதோ நான் கடிச்சுக் குதறிடுவேன்கிற மாதிரி ஓட்டமா ஓடிட்டார்.

எனக்கு உடனே விளங்கிடுச்சு. அவளுக்கும் பத்தாவது ஆள் கிடைக்கலையில்லையா? நான் தர்காவுக்குப் போறேன்னு சுவர்கிட்ட நின்னு சொல்லியிருந்தேன். அதான், நீ போற இடத்துல யாராவது ஒருத்தருக்கு இதையும் சேர்த்துக் குடுத்துடு லாத்தான்னு அனுப்பியிருக்கா. ஒரே ஆள் ரெண்டு பேர்கிட்டயும் வாங்கலாம், தப்பில்லை. என் வெள்ளைப் பையும் அவ பச்சைப் பையும் ஒரே ஆளுக்குப் போய்ட்டா, ரெண்டு பேர் சத்தியமும் ஒரே நேரத்துல தீர்ந்துடும். அதுக்குத்தான் அனுப்பியிருக்கா.

வேற எதுக்கு அனுப்புவா? எனக்குக் குடுத்திருக்கவே முடியாது. ஒரு மணி அரிசிகூடக் குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணவ எனக்கே குடுத்தா, குடுக்கிற நேரமே சத்தியம் முறிஞ்சிடுமே. சத்தியம் முறியறதும் அந்த அரிசியால, அதுக்குப் பரிகாரமும் அதே அரிசி. அப்படி ஒரு கணக்கு உண்டா? நீ படிச்ச புள்ளை, நீ சொல்லு.

என்ன, அப்படிப் பார்க்கிறே?



தண்ணியா? வேணாம்மா. உதடு காஞ்சிருக்கா? இருக்கட்டும். மஃரிப் ஆகட்டும்.

ம்ம். கண்டுபிடிச்சிட்டே. பேசாத புள்ளைங்க கண்ணு இருக்கே, அப்பா!

ஆமாம்மா, நோன்புதான். செவ்வாய் ஒண்ணு, புதன் ஒண்ணு, இன்னிக்கு வியாழன், மூணாவது. சும்மா ஒரு பாதுகாப்புக்கு வெச்சேன். பத்தாவது ஆள் கிடைக்கலைன்னா? ஹம்னா நான் இல்லாம வாயத் திறக்க மாட்டேன்னு உக்காந்திருப்பாளே? அதுக்காகத்தான். கேஸும் தீர்ந்து போச்சு, பொன்னி அரிசி வாங்கினதுல சிலிண்டர் வாங்கலை. அடுப்பே எரியாத வீட்டுல நோன்பு வெச்சா என்ன, வைக்காட்டி என்ன? ஜைத்தூன் இடியாப்பத்துல ராத்திரி நோன்பு திறந்தேன். மோதினார் வீட்டுக் கருவாட்டைத் தையக்காரர் அடுப்புல சுட்டுக்கிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.

நோன்பு யாருக்குச் செல்லும்னு ஆலிம்சா சொன்னது எனக்கு மறக்கலை. வசதியில்லாதவங்களுக்குத்தான் செல்லும். வசதியுள்ளவங்க மூணு என்ன, முப்பது வெச்சாலும் அரிசி குடுத்தாகணும். நான் வெச்சிருக்கேன். ஒண்ணுல்ல, மூணும் வெச்சிருக்கேன். அப்ப என்ன அர்த்தம்னு நீ கேக்கலை, நல்ல புள்ளை. கேக்காதே.

தர்காவுலேருந்து பஸ் ஏறும்போது அந்தப் பேரீச்சம்பழ மனுஷர் ஞாபகம் வந்தார். கூடையைத் தலையில தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போனாரே, வழியில யாராவது, என்னப்பா கூடையிலன்னு கேட்டிருப்பாங்க. என்ன பதில் சொல்லியிருப்பார்? ஒருவேளை அவரும் யாராவது தெரியாத புள்ளை பக்கத்துல உக்காந்து சுத்தி வளைச்சுப் பேசிக்கிட்டே போயிருப்பார். ஆலிம்சாகிட்ட கேக்கணும்.

இதோ தண்ணித் தொட்டி தெரியுது பாரு, அதுதான் எங்க ஊரு. மணி? ஆறு அஞ்சு. போதும். இறங்கி அஞ்சு நிமிஷ நடை. நேரா முனவ்வரா வீட்டு வாசலுக்குப் போவேன். போய் நிப்பேன். உள்ளே கூப்பிடுவா, போக மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் என்னைத் தாண்டிப் போகட்டும், என்ன நெனச்சாலும் சரி. மோதினார் பாங்கு சொல்ல வாயெடுப்பார் பாரு, முதல் சொல்லு காதுல விழுந்தவுடனே மூணாவது நோன்பு முடிஞ்சுது, பரிகாரம் முடிஞ்சுது. அப்ப வைப்பேன் வலது காலை. வெச்சுட்டு, "தண்ணி கொண்டாடி"ம்பேன். மூணு வருஷத்துக்கு அப்புறம் அவ வீட்டுத் தண்ணியில நோன்பு திறப்பேன்.

அவ கண்ணு எம் பையைத்தான் தேடும். எனக்குத் தெரியாதா? காலையிலேருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளாது. லாத்தா வாங்கினாளா, தெருவுல வீசினாளான்னு. அவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்வேன். "முனவ்வரா, உன் அரிசி பத்தாவது ஆள்கிட்ட போய்ச் சேர்ந்துடுச்சு. நல்ல பொம்பளை. யாருன்னு மட்டும் கேக்காதே, சொன்னா அவளுக்கு வெக்கமா இருக்கும்"னு சொல்வேன். அவ கேக்க மாட்டா. ரெண்டு பேரும் சேர்ந்து ஹம்னா பக்கத்துல போய் உக்காருவோம்.

மிச்சமான என் வெள்ளைப் பையை அவ சமையக்கட்டுல குடுத்து, விருந்து அரிசியோட சேர்த்துக் கொட்டச் சொல்வேன். பொண்ணோட பெரியம்மா வீட்டு அரிசி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அதைச் சாப்பிட்டுட்டுப் போகட்டும்.

கண்டக்டர் தம்பி, நிப்பாட்டச் சொல்லுப்பா, இங்கதான்!

நான் வர்றேம்மா. நெய்ச்சோத்தை வெச்சுக்கோ, வீட்டுல போய்ச் சூடு பண்ணிச் சாப்பிடு. படியில இறங்கற வரைக்கும் இந்த வெள்ளைப் பையை மட்டும் கொஞ்சம் பிடி. பச்சைப் பையைக் குடுத்துடு, அது என் கையிலயே இருக்கட்டும்.

அது எனக்குக் குடுத்தது.